வாள்பிடி முறைகள்

வாள்வீச்சில் வீரர் வாளின் கைப்பிடியைப் பற்றும் விதமே வாள்பிடி. முனை எவ்வளவு தூரம் எட்டும், எதிராளி தட்டினால் வாள் எவ்வளவு தாங்கும், முனையை எவ்வளவு நுட்பமாகத் திருப்பலாம் என்பவை பெரும்பாலும் பிடியைப் பொறுத்தவை. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும்.

இன்றைய போட்டிகளில் ஃபாயில், எப்பே, சேபர் என மூன்று வகை வாள்கள் உண்டு. முதல் இரண்டுக்கும் பிரெஞ்சுப் பிடி, பிஸ்டல் பிடி என இரண்டு பிடிகள் பெருவழக்கு. பிரெஞ்சுப் பிடி சற்றே வளைந்த நீளமான கைப்பிடி. அதன் அடியில் கனமான குமிழ் இருக்கும். கைக்காப்பை ஒட்டிக் கட்டைவிரல் மேலேயும் ஆள்காட்டி விரல் கீழேயும் நின்று முனையைத் திருப்புகின்றன. மற்ற மூன்று விரல்களும் தளர்வாக இருந்து, தடுக்கும் நொடியில் மட்டும் இறுகும். புதிதாகப் பழகுபவர் ஐந்து விரல்களாலும் அழுத்திப் பிடித்துவிடுவார். அப்போது முனையைத் திருப்ப முன்கை முழுவதும் அசைய வேண்டியிருப்பதால், அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பதை எதிராளி முன்கூட்டியே கண்டுகொள்வார்.

பிஸ்டல் பிடியில் விரல்கள் பொருந்துவதற்கென்றே புடைப்புகளும் வளைவுகளும் உள்ளன. பெல்ஜியப் பிடி, விஸ்கோன்டி பிடி ஆகியவை இதன் வகைகள். தட்டுவதற்கும் தடுப்பதற்கும் இதில் பலம் அதிகம். ஃபாயிலில் இதுவே மேலோங்கி நிற்கிறது. ஆனால் இதில் கையை இடம் மாற்ற விதி அனுமதிப்பதில்லை. கை ஒரே நிலையில்தான் பொருந்த வேண்டும். நீட்டிய கட்டைவிரலின் நுனி கைக்காப்பின் உட்புறத்திலிருந்து 2 செ.மீ.க்கு மேல் தள்ளியிருக்கக் கூடாது. பிரெஞ்சுப் பிடிக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதனால் எப்பே வீரர்கள் சிலர் கையைக் குமிழ்வரை பின்னுக்குக் கொண்டுபோய்ச் சில சென்டிமீட்டர் கூடுதல் எட்டத்தைப் பெறுகிறார்கள். எப்பேயில் உடல் முழுவதும் இலக்கு என்பதால், முன்னேறி வருபவரின் மணிக்கட்டை முந்திக் குத்த இது கைகொடுக்கும். வலுவான ஒரு தட்டலில் வாள் விலகிப்போவதுதான் இதற்குக் கொடுக்கும் விலை. தாக்கும்போது கையை முன்னிருந்து பின்னுக்கு நழுவவிடுவதும் குற்றம். எங்கே பிடிப்பது என்பதை முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

பழைய இத்தாலியப் பிடி இன்று அரிது. அதன் வேர் 16ஆம் நூற்றாண்டின் நீண்ட, மெல்லிய வாளான ரேப்பியரில் இருக்கிறது. முனையை இன்னும் துல்லியமாகச் செலுத்த வீரர்கள் ஆள்காட்டி விரலைக் குறுக்குக் காப்புக்கு மேலே, அலகின் கூர் தீட்டாத அடிப்பகுதியில் சுற்றிப் பிடித்தனர். வெளியே நீண்ட அந்த விரலைக் காக்க இரும்பு வளையங்கள் வந்தன. இத்தாலிய ஃபாயிலில் குறுக்குக் கம்பியாகவும் விரல் வளையங்களாகவும் எஞ்சியவை இவையே. கைப்பிடியை வாரால் மணிக்கட்டோடு கட்டிக்கொள்ளும் வழக்கமும் இதற்கு உண்டு.

இடைக்கால ஐரோப்பாவின் இருகை நெடுவாளிலோ பிடி ஓரிடத்தில் நிற்பதில்லை. ஜெர்மானிய மரபில் சில வெட்டுகளுக்குக் கட்டைவிரலை அலகின் தட்டைப் பக்கத்தில் ஊன்றுவார்கள். கவசம் அணிந்தவரை வெட்டிப் பயனில்லை என்பதால், இடக்கையால் அலகின் நடுவைப் பிடித்து, கவசத்தின் இடுக்குகளில் முனையைச் செலுத்தும் ‘அரைவாள்’ முறை எழுந்தது. நழுவவிடாமல் இறுகப் பிடித்தால் கூர் கையை அறுக்காது. இரு கைகளாலும் அலகையே பிடித்து, குமிழையும் குறுக்குக் காப்பையும் சம்மட்டியாக்கி அடிப்பதும் உண்டு. ஜெர்மானிய வாள்வீச்சு ஆசான் ஹான்ஸ் டால்ஹோஃபரின் 1467ஆம் ஆண்டுச் சுவடியில் இத்தகைய பிடிகள் படங்களாகவே உள்ளன.

இன்றைய போட்டிகளின் மூன்றாவது வாளான சேபரில் இந்தத் தேர்வுகளுக்கெல்லாம் இடமில்லை. குத்தோடு வெட்டும் செல்லும் வாள் என்பதால், விரல்முட்டிகளை மூடும் வளைந்த காப்போடு ஒரே வகைக் கைப்பிடிதான். கட்டைவிரல் அதன் முதுகில் படிந்திருக்க, வெட்டும் கணத்தில் மற்ற விரல்கள் சுண்டி இறுகும். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் வாள்வீச்சு வீராங்கனையாகக் களமிறங்கிய சென்னையின் பவானி தேவி ஆடியதும் சேபரில்தான்.