பலமனேரின் பொட்டி ஆவு

குதிரையைப் பற்றி நம் நாட்டில் நிறையவே எழுதிவைத்திருக்கிறார்கள். சுழி பார்ப்பது, நிறம் பார்ப்பது என்று அசுவ சாஸ்திரமே தனியாக உண்டு. கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் கடல் வழியாகக் குதிரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குவதையும், இந்த ஊர்த் தீனியும் பராமரிப்பும் ஒத்துவராமல் அவற்றில் பெரும்பாலானவை மாண்டுபோவதையும் சொல்லியிருக்கிறார். கஜானாப் பணம் கொடுத்து வாங்கிய பிராணிக்கு இத்தனை எழுத்து! ஆனால் நம் வாசலிலே கட்டிக்கிடந்த பிராணியைப் பற்றி எழுத ஆளில்லை. எனக்குத் தெரிந்த அளவில் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பிழையிருந்தால் பெரியோர் பொறுத்தருள்க.

பலமனேர் கடல் மட்டத்துக்கு 2,200 அடிக்கு மேலே உள்ள மேட்டு நிலம். நீலகிரி பேர் பெறுவதற்கு முன்னால் மதராஸ் வெள்ளைக்காரர்கள் காற்று வாங்க இங்கேதான் வந்தார்கள். முன்பு வடஆற்காடு ஜில்லாவில் இருந்தது. 1911-ல் சித்தூர் ஜில்லா உண்டானபோது அதில் சேர்ந்தது. பலமனேர், புங்கனூர், மதனப்பள்ளி, வாயல்பாடு ஆகிய இந்த வட்டாரந்தான் புங்கனூர் குட்டை மாட்டின் தாயகம். புங்கனூர் ஜமீன்தார்கள் விரும்பி வளர்த்ததால் அந்த ஊர்ப் பெயர் நிலைத்தது. இங்குள்ளவர்கள் தெலுங்கில் 'பொட்டி ஆவு' என்பார்கள். குட்டைப் பசு என்று அர்த்தம்.

இதன் அடையாளங்களைச் சொல்கிறேன். உயரம் 70 முதல் 90 சென்டிமீட்டர், அதாவது ஆள் இடுப்பு மட்டம். எடை 115 முதல் 200 கிலோ வரை. அகன்ற நெற்றி, பிறை போல் வளைந்த சிறு கொம்பு, தரையைத் தொடும் வால். வெள்ளை, சாம்பல், இளம் பழுப்பு, கரும் பழுப்பு என நிறங்கள். தீனி நாளைக்கு 5 கிலோ போதும். ராகித் தட்டையும் கடலைக் கொடியும் இருந்தால் வறட்சியையும் தாங்கிவிடும். பால் மூன்று முதல் ஐந்து லிட்டர் என்பார்கள். கொழுப்பு 8 சதம் வரை உண்டு என்றும் சொல்வார்கள். சீமைக் கலப்பு மாட்டுப் பாலில் அவ்வளவு வராது.

இவ்வளவு நல்ல பிராணி ஏன் ஏட்டில் ஏறவில்லை? எனக்குத் தோன்றுவது இது. ராஜாக்களுக்குக் குதிரை வேண்டியிருந்தது. பட்டாளத்துக்குப் பெரிய காளை வேண்டியிருந்தது. மைசூர் அரசில் 'பெண்ணெ சாவடி' என்று மாட்டு மந்தைக்கே ஓர் இலாகா இருந்தது. திப்பு அதற்கு 'அமிர்த மகால்' என்று பெயர் வைத்தார். 1791 பிப்ரவரியில் காரன்வாலிஸ் பிரபுவின் படை மொகிலி கணவாய் ஏறி, இதே பலமனேர் வழியாகத்தான் பெங்களூருக்குப் போனது. மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கியும், இழுவை மாடுகள் தீனியில்லாமலும் நோயிலும் செத்து விழுந்ததால், கோட்டை இடிக்கக் கொண்டுபோன பெரும் பீரங்கிகளைத் தாமே உடைத்துப்போட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. மாட்டின் அருமை பட்டாளத்துக்கு அப்படித்தான் தெரிந்தது. பொட்டி ஆவு பீரங்கி இழுக்கவில்லை. ஓர் ஏழைக் குடும்பத்துக் குழந்தைக்குப் பாலும், தோட்டத்துக்கு எருவும் கொடுத்தது, அவ்வளவுதான். அதைக் கணக்கெழுத யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு வேறொரு அளவுகோல் வந்தது: லிட்டர் கணக்கு. ஜெர்சி, ஹோல்ஸ்டீன் சினை ஊசி ஊர் ஊராகப் போனது. பால் சொசைட்டியில் காசும் கிடைத்தது. குடியானவனைக் குறை சொல்ல முடியுமா? நான் புளி கொள்முதலுக்குப் போன ஒரு கிராமத்தில் ஒரு பெரியவர் சொன்னார்: "சேட்டு, பிள்ளையைப் படிக்க வைக்கணும்னா சீமை மாடுதான். பொட்டி ஆவு பால் வீட்டுக்கே சரியாப் போயிடும்." நானும் வியாபாரிதான், எனக்கு அந்தக் கணக்கு புரிந்தது. ஆனால் எல்லோரும் அதே கணக்குப் போட்டதில், பொலிகாளையே இல்லாமல் போயிற்று. கடைசியில் இந்த இனம் பெரும்பாலும் பலமனேர் கால்நடை ஆராய்ச்சி நிலையத்துக் கொட்டகைக்குள் சில பத்து உருப்படிகளாக ஒடுங்கியது. இன்று அந்த நிலையம் திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. கேரளத்து வெச்சூர் பசுவுக்கும் இதே கதிதான். அதை 1989-ல் டாக்டர் சோசம்மா ஐப் தம் மாணவர்களோடு தேடிப் பிடித்துக் காப்பாற்றினார்.

இப்போது காற்று திசை மாறியிருக்கிறது. 2020-ல் 'மிஷன் புங்கனூர்' தொடங்கியது. 2024 சங்கராந்தியை ஒட்டிப் பிரதமர் தம் இல்லத்தில் இந்தப் பசுக்களுக்குத் தீனி ஊட்டும் படம் நாடெங்கும் வந்தது. விலை லட்சங்களைத் தொட்டது. சந்தோஷந்தான். ஆனால் எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. இப்போது உயரந்தான் விலை: எவ்வளவு குட்டையோ அவ்வளவு பணம். எந்தக் குட்டை மாட்டையும் புங்கனூர் என்று விற்கிறார்கள். மடியில் கட்டிக் கொஞ்சுவதற்காகவே இன்னும் சிறிதாக இனம் சேர்க்கிறார்கள். லிட்டர் ஒன்றையே பார்த்து ஒரு தரம் இழந்தோம். அங்குலம் ஒன்றையே பார்த்து இன்னொரு தரம் இழக்கக்கூடாது. வறட்சி தாங்குவதும், குறைந்த தீனியில் கன்று ஈன்று பால் கொடுப்பதுந்தான் இதன் குணம். அந்தக் குணம் போய்விட்டால், மிச்சம் இருப்பது பொம்மைதானே?

நாங்கள் ஜைனர்கள். ஆதி தீர்த்தங்கரர் ரிஷபநாதரின் இலாஞ்சனம் காளை. உழவையும் தொழிலையும் உலகுக்குக் கற்பித்தவர் அவரே என்று எங்கள் பெரியோர் சொல்வார்கள். ஓர் உயிரைக் கொல்லாமலிருப்பது மட்டும் போதாது, அதன் வம்சம் அற்றுப்போகாமல் பார்ப்பதும் அகிம்சையில் சேர்த்திதான் என்று இந்த வயதில் எனக்குப் படுகிறது.

வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்களில் பலருக்குப் பூர்வீகம் இந்தச் சீமைதான். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்: எந்த ஊரில், எந்த வருஷம்வரை பொட்டி ஆவு இருந்தது, எவ்வளவு கறந்தது, என்ன தின்றது, பொலிகாளை யார் வீட்டில் நின்றது? ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குதிரைக்கு எழுதியது போதும்.