மரபு, தாழ்ப்பாள், தரை: யோக்யகர்த்தாவின் கோட்டைக்குள் ஒரு வீடு

பாரம்பரியம் என்ற சொல் ஒரு நகரத்தின்மேல் வந்து விழுந்த மறுகணமே, அங்கே நிலம் யாருக்கு என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டுவிடுகிறது. 2023 செப்டம்பரில் ஜாவாவின் யோக்யகர்த்தா நகரத்து அச்சுக்கோட்டை யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வடக்கே துகு கம்பம், நடுவில் சுல்தானின் அரண்மனை, தெற்கே கிராப்யாக் மேடை. தெற்கிலிருந்து அரண்மனை வரை பிறப்பும் வளர்ச்சியும், வடக்கிலிருந்து அரண்மனை வரை படைத்தவனிடம் திரும்புதல் என்று அந்த நேர்கோட்டுக்குத் தத்துவ வியாக்கியானம் உண்டு. அதைப் பொய் என்று சொல்ல நான் வரவில்லை. அழகான வியாக்கியானம்தான். ஆனால் கோட்டின் இருபுறமும் குடியிருக்கிறவர்கள் தம் வீட்டை விற்கலாமா, பிள்ளைக்கு எழுதிவைக்கலாமா, அடுத்த தெருக்காரர் அதை வாங்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். வியாக்கியானம் வாயை மூடிக்கொள்ளும்.

அரண்மனையைச் சுற்றியுள்ள மதிலுக்குள் இருக்கும் பகுதிக்கு ஜெரோன் பெத்தெங் என்று பெயர். கோட்டைக்குள் என்பது பொருள். 1755 கியாந்தி ஒப்பந்தத்தில் டச்சுக் கம்பெனி மத்தாராம் அரசை இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி சூரகர்த்தா, மறுபாதி யோக்யகர்த்தா. புதுத் தலைநகரைக் கட்டிய முதலாம் ஹாமெங்கு புவோனோ தன் பணியாளர்களை மதிலுக்குள் தொழில்வாரியாகக் குடிவைத்தார். தெருப்பெயர்கள் இன்றும் அதைச் சொல்கின்றன. பாத்தேஹான் அரண்மனைக்குத் தேநீர் தயாரித்தவர்களின் குடியிருப்பு. நாகான் இசைக்காரர்களுடையது. சிலிரான் விளக்கேற்றுகிறவர்களுடையது. கமெலான் குதிரைக்காரர்களுடையது (இசைக்கருவித் தொகுதியின் பெயரோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது). பணிக்குத்தான் மனை. பணியாளின் உடம்பு எந்த அளவுக்கு ராஜாவுடையதோ அந்த அளவுக்குத் தரையும் ராஜாவுடையது.

பாத்தேஹானில் ஒரு நண்பர் மூலமாக இரண்டு வாரம் தங்கியிருந்தேன். வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டியவர், பத்திக் துணிக்கு மெழுகு ஓட்டி வாழ்ந்தவர். வாங்கல் விற்கல் பற்றி நான் துருவித் துருவிக் கேட்டதற்கு, நண்பர் மொழிபெயர்த்துச் சொன்ன பதில் இது: ''சுவர் எங்க அப்பா கட்டினது, ஓடு நான் மாத்தினது, தரை சுல்தானோடது. இதுல எதை விக்கச் சொல்றீங்க?'' அவர் நிலையில் இருப்பவர்களுக்கு மகெர்சாரி என்று பெயர். பாகர் என்றால் ஜாவா மொழியில் வேலி. எஜமானின் வளவுக்கு வேலிபோலச் சுற்றிக் குடியிருப்பவர்கள் என்று அந்தச் சொல்லை விளக்குகிறார்கள். அவர்களிடம் இருப்பது பட்டா இல்லை. செராட் கெகஞ்சிங்கான் என்ற அரண்மனைக் கடிதம். கஞ்சிங் என்றால் தாழ்ப்பாள். அரண்மனையின் நில அலுவலகமான பானிதிகிஸ்மோ அதைத் தருகிறது. இருக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்கு, புதுப்பித்துக்கொள்ளலாம், வருடாவருடம் ஒரு சிறு தொகை கட்ட வேண்டும், தரையை விற்கக் கூடாது, அரண்மனைக்கு வேண்டுமென்றால் திருப்பித் தர வேண்டும். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

இது பல நூற்றாண்டு மரபு என்று சொல்லப்படுகிறது. நான் மறுக்க விரும்புவது இந்த இடத்தைத்தான்.

சுல்தானின் நில உரிமைக்கு இன்று ஆதாரமாகக் காட்டப்படுவது 1918ஆம் ஆண்டு அரச இதழில் 16ஆம் எண்ணாக வெளியான ஆணை. அதன் சாரம்: ஐரோப்பியச் சட்டப்படியான உடைமை என்று பிறர் சான்று காட்ட முடியாத நிலம் அத்தனையும் என் அரண்மனைக்கு உரியது. வாசகம் ஜாவா மொழியில், கம்பீரமான அரச நடையில் இருக்கிறது. ஆனால் இந்த வாக்கியத்தை நாம் வேறெங்கோ பார்த்திருக்கிறோம். 1870இல் டச்சுக் காலனியரசு தன் விவசாயச் சட்டத்தோடு வெளியிட்ட பிரகடனம் இதையேதான் சொன்னது: பிறர் உடைமை என்று நிரூபிக்கப்படாத நிலம் அரசின் சொத்து. தோட்ட முதலாளிகளுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு நிலம் விடுவதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. 1918இல் 'அரசு' இருந்த இடத்தில் 'அரண்மனை' வந்தது, அவ்வளவுதான். ஆணையிலுள்ள உடைமை என்ற சொல்லே டச்சுச் சொல். முன்னாளில் ஜாவா மன்னனுக்கு நிலத்தின்மீது இருந்தது விளைச்சலிலும் உழைப்பிலும் பங்கு கேட்கும் அதிகாரம். அந்தப் பங்கை இளவரசர்களுக்கும் அதிகாரிகளுக்கும் மானியமாக அவன் பிரித்துக் கொடுத்தான். சதுர மீட்டரில் அளந்து, சான்று கேட்டு, சான்றில்லாதவனை விலக்கும் உடைமை அதுவல்ல. காலனியச் சட்டத்தின் பிரதி ஜாவா உடை உடுத்திக்கொண்டு மரபு என்ற பெயரில் உலவுகிறது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சான்று கேட்ட அரண்மனையே தன் சான்றுகளைப் பறிகொடுத்த அரண்மனை. 1812 ஜூனில் ராஃபிள்ஸின் படை, அதில் இந்தியச் சிப்பாய்களும் உண்டு, யோக்யகர்த்தா மதிலைத் தகர்த்து உள்ளே புகுந்து கஜானாவையும் சுவடிச்சாலையையும் சூறையாடியது. இரண்டாம் ஹாமெங்கு புவோனோ பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார். போன சுவடிகளில் கதைகளும் வரலாறுகளும் மட்டுமல்ல, நிலம் யாருக்கு ஒதுக்கப்பட்டது என்ற ஆவணங்களும் இருந்தன. அவற்றை அள்ளிக்கொண்டவர்களில் ஒருவர் காலின் மெக்கன்சி. ஆம், தமிழ் படித்தவர்கள் எல்லோரும் அறிந்த, சென்னைச் சுவடி நூலகத்தில் தொகுப்பாக வாழ்கிற அதே மெக்கன்சிதான். 1811 முதல் 1813 வரை அவர் ஜாவாவில் இருந்தார், அங்கே நில உரிமை முறைகளை விசாரிக்க அமைத்த குழுவுக்கும் தலைமை வகித்தார். நில அளவையும் சுவடி சேகரிப்பும் ஒரே மனிதரின் இரண்டு கைகள் என்பதை தென்னிந்திய உதாரணத்தை மட்டும் வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஜாவாவையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் துலக்கமாகத் தெரியும். 2019இல் பிரிட்டிஷ் நூலகம் 75 சுவடிகளின் மின்வடிவங்களைச் சுல்தானிடம் ஒப்படைத்தது. மூலங்கள் லண்டனிலேயே இருக்கின்றன. தன் ஏடுகளை இழந்த ஒரு அரண்மனை, நூறு வருடம் கழித்து, ஏடில்லாதவனுக்கு நிலமில்லை என்று ஆணையிட்டது.

குடியரசு வந்த பிறகாவது இது மாறியிருக்க வேண்டும். 1960இல் சுகர்னோ காலத்து அடிப்படை நிலச் சட்டம் அந்த 1870 பிரகடனத்தை ரத்து செய்தது. பழைய சமஸ்தானங்களின் நில உரிமைகள் ஒழிந்து அரசிடம் சேரும் என்றும் சொன்னது. விவரங்களைப் பின்னால் ஒரு அரசு விதி சொல்லும் என்று எழுதினார்கள். அந்த விதி வரவேயில்லை. யோக்யகர்த்தாவில் அந்தச் சட்டம் முழுமையாக அமலாக 1984 ஆயிற்று. பிறகு 2012இன் 13ஆம் எண் சிறப்புநிலைச் சட்டம், சுல்தானகத்தையும் பாகுஆலாம் அரண்மனையையும் நிலவுடைமைக்குத் தகுதியுள்ள சட்ட அமைப்புகளாக அங்கீகரித்து, கதவைத் திரும்பவும் திறந்துவிட்டது. அதே சட்டத்தின்படி சுல்தான்தான் தேர்தல் இல்லாமல் ஆளுநர். மனு வாங்குகிற ஆளுநரும் நிலம் வைத்திருக்கிற சுல்தானும் ஒரே ஆள்.

இதையெல்லாம் அரண்மனை எதிர்ப்புப் பிரசாரமாக யாரும் படித்துவிடக் கூடாது. 1945 செப்டம்பரில் ஒன்பதாம் ஹாமெங்கு புவோனோ தயங்காமல் குடியரசின் பக்கம் நின்றார். ஜகார்த்தாவில் டச்சுக்காரர்கள் திரும்பி வந்தபோது குடியரசின் தலைநகர் யோக்யகர்த்தாவுக்கு வந்தது. புதிதாகப் பிறந்த கஜா மாதா பல்கலைக்கழகம் அரண்மனை மண்டபங்களில் பாடம் நடத்தியது. ஜனங்கள் சுல்தான்மேல் வைத்திருக்கும் பிரியம் வெறும் பொய்யுணர்வு என்று சொல்கிற மார்க்சியம் எனக்கு உதவாது. தவிர, ஒரு வலுவான வாதமும் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. தரை விற்பனைக்கு இல்லை என்பதால்தான் நகரத்தின் நட்டநடுவில் மெழுகு ஓட்டுகிறவரும் பெச்சாக் மிதிக்கிறவரும் இன்னும் குடியிருக்க முடிகிறது. சந்தையைத் திறந்துவிட்டால் பத்து வருடத்தில் அத்தனையும் விடுதியாகிவிடும் என்கிறார்கள். சரிதான். ஆனால் அந்தப் பாதுகாப்பு ஒரு உரிமையா, தயவா? உரிமையென்றால் யார் ஆண்டாலும் நிற்கும். தயவு என்பது திட்டம் மாறும்போது மாறும். பாரம்பரிய வேலைக்காக மதிலை ஒட்டியிருந்த வீடுகள் அகற்றப்பட்டபோது குடியிருந்தவர்களுக்கு ஏதோ ஒரு தொகை கிடைத்தது. கட்டிய சுவருக்குத்தான் கணக்கு, காலடித் தரைக்கு இல்லை.

சுல்தான் தரையைத் தாண்டி, நகரத்தில் தனியார் உடைமையாக உள்ள நிலமும் உண்டு. ஹாக் மிலிக் என்ற முழு உடைமை. அதை யார் வாங்கலாம்? வெளிநாட்டவர் கூடாது, 1960 சட்டம் தெளிவாகவே தடுக்கிறது, அவருக்குப் பயன்பாட்டு உரிமை மட்டும்தான். அதனால் உள்ளூர் நண்பர் பெயரிலோ மனைவி பெயரிலோ வாங்குகிறார்கள். நமக்குப் பழகிய சொல் இருக்கிறது, பினாமி. இப்படிக் கைமாற்றினால் ஒப்பந்தமே செல்லாது, கொடுத்த பணமும் போய்விடும் என்று சட்டம் சொல்கிறது. வெளிநாட்டுக்காரர்களின் இந்தப் புலம்பல் பத்திரிகைகளில் நிறைய வருகிறது. வராதது அடுத்த விஷயம்.

1975இல் துணை ஆளுநர் ஒரு உள் அறிவுறுத்தல் அனுப்பினார். 'பூர்வகுடி அல்லாத' இந்தோனேசியக் குடிமக்களுக்கு யோக்யகர்த்தாவில் முழு உடைமை கிடையாது. யார் அந்த அல்லாதவர்? நடைமுறையில், சீன வம்சாவளியினர். குடிமகன், நாலு தலைமுறையாக இங்கேயே கடை வைத்திருப்பவன், வரி கட்டுகிறவன். முழு உடைமையுள்ள மனையை அவன் வாங்கினால், அந்த உரிமையை முதலில் அரசிடம் விட்டுக்கொடுக்க வேண்டும். பிறகு கட்டிட உரிமை கேட்டு மனுப்போட வேண்டும். அது 30 வருடம், நீட்டித்தால் இன்னும் 20. அண்டை மாகாணத்தில் அதே மனிதன் முழு உடைமையாளன். எளியவர்களைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு என்று நியாயம் சொன்னார்கள். அறிவுறுத்தலில் கையெழுத்திட்டவர் எட்டாம் பாகு ஆலாம். அவரே ஒரு நிலவுடைமை அரண்மனையின் தலைவர். சுகார்த்தோ ஆட்சி 1998இல் விழுந்தது. பாகுபாட்டுச் சட்டங்கள் பல விலக்கப்பட்டன. இது மட்டும் நிற்கிறது. எதிர்த்துத் தொடுத்த வழக்கை 2018இல் யோக்யகர்த்தா நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அரண்மனை மரபும் இனப் பாகுபாடும் ஒரே நில அலுவலக மேஜையில் சந்திக்கின்றன. சுற்றுலாக் கையேடு எழுதுகிறவர்கள் அந்த மேஜைப் பக்கம் வருவதில்லை.

நகரத்துக்குத் தென்கிழக்கே சில கிலோமீட்டரில் கோத்தாகெடே. யோக்யகர்த்தாவுக்கு முந்தைய, பதினாறாம் நூற்றாண்டுக் கடைசியின் மத்தாராம் தலைநகர், சேனாபதி அடக்கமான இடம், வெள்ளிவேலைக்குப் பேர்போனது. இங்கே பிரச்சினை தலைகீழ். தரை பெரும்பாலும் குடும்பங்களுடையது, விற்கலாம். ஆனால் ஜாவா ஜோக்லோ வீடு மரத்தால் கோத்தது. ஆணியில்லாமல் கழற்றி வண்டியில் ஏற்றி வேறிடத்தில் பூட்டலாம். 2006 மே 27 காலை வந்த பூகம்பத்தில் அந்த வட்டாரத்தில் 5,700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோத்தாகெடேயில் ஜோக்லோக்கள் சாய்ந்தன. திரும்ப நிறுத்தப் பணமில்லை, ஒரு வீட்டுக்கு ஏழெட்டு வாரிசுகள், பங்கு பிரிக்கவும் வேண்டும். மரத்தை வாங்கப் பணக்காரர்கள் வெளியூரிலிருந்து வந்தார்கள். வீடு போய்விட்டது, தரை நின்றது. பாத்தேஹானில் பார்த்ததற்கு நேர் எதிர்.

கோத்தாகெடேயில் நான் அதிக நேரம் நின்ற இடம் இரண்டு வாசல்களுக்கு நடுவே ஓடும் ஒரு சந்து. வரிசையாக ஜோக்லோக்கள்; ஒவ்வொரு வீட்டின் முன்மண்டபத்துக்கும் உள்வீட்டுக்கும் இடையே எல்லோரும் நடந்துபோகிற வழி. ஜாலான் ருகுனான் என்கிறார்கள், இணக்கத்தின் பாதை. அது பொதுச் சாலை அல்ல. ஒவ்வொரு குடும்பமும் தன் முற்றத்தில் ஒரு துண்டை மற்றவர் காலுக்கு விட்டிருக்கிறது. எவரும் எழுதிக் கொடுத்ததில்லை. நிலச் சான்றிதழின் வரைபடத்தில் அந்த வழி ஒருவரின் தனி உடைமை. புதிதாக வாங்குகிறவர் நாளைக்கு அங்கே சுவர் எழுப்பினால் சட்டம் அவர் பக்கம்தான் நிற்கும். மரபு என்று நான் காப்பாற்ற விரும்புகிற ஒன்று உண்டென்றால் இதுதான். இதற்கு ராஜாவும் வேண்டாம், ஆணையும் வேண்டாம். இதற்குத்தான் ஒரு அலுவலகமும் இல்லை.

அலுவலகம் இருக்கிற இடத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2015இல், அரண்மனைக்குச் சற்றுக் கிழக்கே கோண்டோமானானில், ஐந்து தெருவோர வியாபாரிகள்மேல் வழக்கு வந்தது. வழக்குப் போட்டவர் கையில் அரண்மனைத் தாழ்ப்பாள் கடிதம். அவர்கள் பிழைத்துக்கொண்டிருந்த துண்டு நிலம் தன் கடிதத்துக்குள் வருகிறது என்று சொல்லி, காலி செய்வதோடு 112 கோடி ரூபியா நஷ்டஈடும் கேட்டார். ஐவரும் வடக்கு மைதானத்துக்குப் போனார்கள். ஜாவாவில் பழைய ஒரு முறையுண்டு, தாபா பெபே: குறையுள்ள குடிமகன் ராஜா பார்க்கும்படி மைதானத்து வெயிலில் உட்காருவான், ராஜா கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். அவர்கள் உட்கார்ந்தார்கள். மறு வருடம் நீதிமன்றம் இடத்தைக் காலி செய்யச் சொன்னது.