பதுளைத் தோட்டங்களில் உணவுச் சுகாதாரம்: எவருடைய பொறுப்பு?

பாடசாலையிலோ ஆலய அன்னதானத்திலோ உணவருந்திய பலர் ஒரே நேரத்தில் வாந்தியெடுத்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்படும்போது, "உணவு ஒவ்வாமை" ஏற்பட்டதாகச் செய்தி வெளியாவது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. ஒவ்வாமை என்பது தனியொருவரின் உடலியல்பு. இறாலும் நிலக்கடலையும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. பொதுவாக அது சமைத்தவரின் குற்றமல்ல. ஆனால், ஒரே பானையிலிருந்து உண்ட நாற்பது பிள்ளைகளுக்கு ஒருசேர வயிற்றோட்டம் கண்டால், குறை பிள்ளைகளின் உடலில் இல்லை. உணவு நஞ்சாகியிருக்கிறது. இது வெறும் சொல்லாராய்ச்சியல்ல. ஒவ்வாமை என்று எழுதிவிட்டால், விசாரிக்கப்பட வேண்டியவர் எவருமில்லை என்றாகிவிடுகிறது.

சட்டத்துக்கு இங்கு குறைவில்லை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், மனித நுகர்வுக்கு ஒவ்வாத உணவை விற்பதைத் தடை செய்கிறது. உணவு நஞ்சாதல், வயிற்றுளைவு, நெருப்புக் காய்ச்சல், வைரஸ் ஈரல் அழற்சி ஆகியவற்றைக் காணும் வைத்தியர் சுகாதார அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அமைந்த ஏற்பாடு அது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நோயாளியின் வீட்டுக்கே சென்று ஆராய வேண்டும். பதுளை, பண்டாரவளை நகரங்களின் உணவகங்களில் பழைய எண்ணெயும் காலாவதியான பொருட்களும் அவ்வப்போது கைப்பற்றப்படுவது இந்த ஏற்பாடுகளினால்தான்.

நகர எல்லையைத் தாண்டி பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை மலைகளில் ஏறும்போதே சட்டத்தின் கால்கள் தளர்ந்துவிடுகின்றன. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தின் சுமார் 8 இலட்சத்து 15 ஆயிரம் மக்களில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் இந்திய வம்சாவளித் தமிழர்கள். இவர்களின் சுகாதாரம் 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தின் காலத்திலிருந்தே தோட்ட நிர்வாகத்தின் கையில் விடப்பட்டிருந்தது. பின்னர் தோட்ட வைத்தியசாலைகள் சில அரசினால் பொறுப்பேற்கப்பட்டன. எஞ்சியவை தோட்ட வைத்திய உதவியாளர்களோடு நின்றன. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாயிருந்த பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018ஆம் ஆண்டிலேயே திருத்தப்பட்டது. அதுவரை, தோட்டத்து மக்கள் சபைக்கு வாக்களித்தார்கள். சபையின் பணம் மட்டும் லயன் வாசலுக்கு வரவில்லை. நிர்வாகம், பிரதேச சபை, சுகாதாரத் திணைக்களம் என மூன்று பேர் பொறுப்பாளிகளாக இருக்கும் இடத்தில், நோய் கண்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவதே நடைமுறை.

சமையலுக்கு முன்னரே தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. மலையூற்றிலிருந்து பீலிக்கு வரும் நீர் பார்வைக்குப் பளிங்காகத் தெரியும். ஊற்றுக்கு மேலே மலசலகூடக் குழியோ மாட்டுத் தொழுவமோ இருந்தால் மழைக்காலத்தில் அந்தக் கழிவும் பீலியில் சேரும். அந்த நீரில்தான் அரிசி கழுவப்படுகிறது. பிள்ளை மடுவத்தில் பால் போத்தலும் கழுவப்படுகிறது. ஈரல் அழற்சி 'ஏ' இவ்வழியாகப் பரவும் நோய்களில் ஒன்று. 2007ஆம் ஆண்டில் கம்பளையில் அது பரவியது நினைவிருக்கலாம். கிருமி உடலில் புகுந்து 15 முதல் 50 நாட்கள் கழித்தே நோய் தெரியும். கண் மஞ்சளாகும் நாளில், ஒரு மாதத்துக்கு முன் எந்தத் தண்ணீரைக் குடித்தோம் என்பது யாருக்கு நினைவிருக்கும்? அறிவித்தல் தாமதமானால் ஊற்றைத் தேடிப்பிடிப்பது ஏறக்குறைய இயலாத காரியம்.

உணவு நஞ்சாவது வேறு விதம். அது சில மணித்தியாலங்களிலேயே தன்னைக் காட்டிக்கொள்ளும். திருவிழாவுக்கும் கந்தூரிக்கும் இரவிலேயே பெருங்கிடாரத்தில் சோறு ஆக்கி, மறுநாள் நண்பகலுக்குப் பார்சல் கட்டுவது எல்லாச் சமூகங்களிலும் உள்ள பழக்கம். சோற்றில் வளரும் பசிலஸ் சீரியஸ் கிருமியின் வித்திகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் அவை முளைத்துப் பெருகுகின்றன. கைப்புண்ணிலிருந்து இறங்கும் ஸ்டெபிலோகொக்கஸ் கிருமியின் நஞ்சும் மீண்டும் சூடாக்குவதால் அழிவதில்லை. "நன்றாகக் கொதிக்க வைத்தோமே" என்று சமையற்காரர் சொல்வது பொய்யல்ல, ஆனால் அது போதாது. ஊவாவின் அயலிலுள்ள அம்பாறை மாவட்டத்தின் இறக்காமத்தில் 2017ஆம் ஆண்டு ஏப்ரலில் கந்தூரி உணவை உண்ட நூற்றுக்கணக்கானோர் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டனர், மரணங்களும் நிகழ்ந்தன. நல்ல நோக்கம் உணவைச் சுத்தமாக்கிவிடுவதில்லை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி மண் சரிந்தது போன்ற அனர்த்த காலங்களில், எங்கோ சமைத்து நெடுந்தூரம் ஏற்றிவரப்படும் பார்சல்களுக்கும் இது பொருந்தும்.

தோட்டங்களுக்கே உரிய இன்னோர் ஆபத்து கிருமிநாசினி, களைநாசினிக் கொள்கலன்கள். உறுதியான பிளாஸ்டிக் கலன்கள் என்பதால் அவை தண்ணீர் அள்ளவும் எண்ணெய் வைக்கவும் வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. 2013ஆம் ஆண்டு ஜூலையில் இந்தியாவின் பீகார் மாநிலம் சாரண் மாவட்டப் பாடசாலையொன்றில் மதிய உணவு உண்ட 23 பிள்ளைகள் மாண்டனர். சமையல் எண்ணெயில் மொனோகுரோட்டோபாஸ் என்ற கிருமிநாசினி கலந்திருந்தது. வெற்றுக் கலன்களைத் துளையிட்டுத் திரும்பப் பெறுவது நிர்வாகத்துக்குப் பெரிய செலவல்ல.

உலகில் ஆண்டுதோறும் 60 கோடிப் பேர் அசுத்த உணவால் நோயுறுவதாகவும், 4 இலட்சத்து 20 ஆயிரம் பேர் இறப்பதாகவும், அவர்களில் 1 இலட்சத்து 25 ஆயிரம் பேர் ஐந்து வயதுக்குட்பட்டோர் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. மடுல்சீமையில் வயிற்றோட்டத்தில் வாடும் குழந்தை இத்தகைய கணக்குகளில் சேர வேண்டுமானால், முதலில் யாராவது ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். தோட்ட மருந்தகத்தில் மருந்து வாங்கி வீடு திரும்பும் நோயாளி எந்தப் பதிவேட்டிலும் ஏறாமலே போய்விடலாம். எனவே தோட்ட மருந்தகங்களிலிருந்து வாராந்த அறிவித்தல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கட்டாயம் செல்ல வேண்டும். தோட்டப் பிரிவுகளுக்குத் தமிழ் பேசும் பரிசோதகர்களை நியமிப்பதில் மாகாண சபை காட்டும் அசட்டையும் நீங்க வேண்டும். கொழுந்து கிள்ளும் தாயிடம் மூன்று நாட்களுக்கு முந்திய உணவைப் பற்றி மொழிபெயர்ப்பாளர் வைத்து விசாரிப்பது விசாரணையாகாது.

ஆலய பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் அரசுக்குக் காத்திராமல் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. யாருக்காவது நோய் கண்டவுடன் மிஞ்சிய உணவைக் கொட்டிக் கிடாரத்தைக் கழுவிவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. பரிசோதகர் வரும்போது எடுப்பதற்கு மாதிரி எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. பரிமாறிய ஒவ்வோர் உணவிலும் ஒரு கிண்ணமளவு எடுத்து மூடி, திகதியிட்டு, மூன்று நாட்கள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால், ஆய்வுகூடத்துக்கு அனுப்ப ஏதேனும் இருக்கும். தோட்டத்தில் குளிர்சாதனப் பெட்டி இல்லாத ஆலயங்களுக்கு அருகிலுள்ள கடையோ பாடசாலையோ அந்த இடத்தைத் தரலாம்.