நாலு கேபியில் நிலா!

லேப்டாப் கடைக்குப் போயிருக்கிறீர்களா? சாதா லேப்டாப் இல்லை. பில்டிங் வரைகிறவர்கள், வீடியோ எடிட் செய்கிறவர்கள் தோளில் சுமந்துகொண்டு அலைகிற கனமான வொர்க்ஸ்டேஷன் ரகம். கடைப்பையன் கேட்பான்: "ராம் 32 ஜிபி போதுமா சார், 64 போட்டுரலாமா?" நீங்கள் பர்ஸைத் தடவிப் பார்த்துக்கொண்டு விழிப்பீர்கள்.

வெட்கப்படாதீர்கள். இதே கேள்விக்கு முன்னால் பெரிய பெரிய மூளைகளெல்லாம் திருதிருவென்று விழித்திருக்கின்றன.

1961 ஆகஸ்டில், நிலாவுக்குப் போகும் அப்போலோ கலத்துக்கு வழிகாட்டுகிற கம்ப்யூட்டரைச் செய்துதரும் பொறுப்பை எம்.ஐ.டி.யின் ஆய்வுக்கூடம் ஒன்றிடம் நாசா ஒப்படைத்தது. மெமரி எவ்வளவு வேண்டும்? ஆரம்ப மதிப்பீடு இது: புரோகிராம்களுக்கான நிரந்தர மெமரி 4 ஆயிரம் வேர்டு. எழுதி அழிக்கிற மெமரி, அதாவது நம்முடைய ராம், 256 வேர்டு. ஒரு வேர்டு என்றால் இரண்டு பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை கேபி ராமில் நிலா!

1963 ஜூனில் அது 10 ஆயிரமும் 1 ஆயிரமுமாகிவிட்டது. அப்புறம் நிரந்தர மெமரி 12 ஆயிரம். என்ன ஆனாலும் 16 ஆயிரத்தைத் தாண்டாது என்று சாதித்தார்கள். தாண்டியது. 24 ஆயிரமாகி, கடைசியில் 36,864-இல் போய் நின்றது. ராம் 2,048 வேர்டு. நாலே நாலு கேபி. தினம் காலையில் உங்கள் செல்போனுக்கு வருகிற 'குட்மார்னிங்' ரோஜாப்பூ படம்கூட அதில் அடங்காது.

இன்னும் கூட்ட வேண்டியதுதானே என்பீர்கள். முடியாது. நிரந்தர மெமரி கையால் நெய்யப்பட்டது! நிஜமாகத்தான். மாசசூசெட்ஸில் வால்தம் என்றொரு ஊர். கடிகாரத்துக்கும் துணி ஆலைக்கும் பேர்போனது. அங்கே ரேதியான் கம்பெனியில் பெண்கள் உட்கார்ந்து, குட்டிக்குட்டி காந்த வளையங்களுக்குள் ஊசியால் கம்பி கோத்தார்கள். வளையத்துக்குள்ளே கம்பி போனால் 1. வெளியே போனால் 0. நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். முடித்த பிறகு, 'அடடா, ஒரு வரி விட்டுப்போச்சே' என்றால், போச்சுதான்.

அதனால் வெட்டினார்கள். 1966-இல் ஹூஸ்டனிலிருந்து பில் டிண்டால் என்ற நாசா அதிகாரி வந்தார். இது இல்லாவிட்டால் குடிமுழுகிப் போகுமா என்று கேட்டுக் கேட்டு, புரோகிராம்களைக் கழித்துக்கட்டினார். அதற்குக் 'கறுப்பு வெள்ளி' என்று பெயர். ராப்பகலாக எழுதியதைக் கண்ணெதிரே வெட்டினால் வேறென்ன பெயர் வைப்பார்கள், பாவம்!

1969 ஜூலை 20. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலாவை நோக்கி இறங்குகிறார்கள். சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில், திடீரென்று ஓர் எண்: 1202. அர்த்தம் என்ன என்று ஆம்ஸ்ட்ராங் பூமியைக் கேட்கிறார்.

ராமில் இடமில்லை என்று அர்த்தம்!

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ராமில் 12 வேர்டு அகலத்தில் ஓர் இலை. சாப்பிட்டவர் எழுந்தால்தான் அடுத்தவருக்கு இடம். அன்றைக்கு, இறங்கும்போது தேவைப்படாத இன்னொரு ராடார் கம்ப்யூட்டரின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. பரிமாறுகிறவரை யாரோ கையைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்ட மாதிரி. உட்கார்ந்தவர்கள் எழவில்லை, அடுத்த பந்தி வந்து நிற்கிறது, இலை காலி.

நல்லவேளை, இப்படி ஆனால் என்ன செய்வது என்று எம்.ஐ.டி.க்காரர்கள் முன்கூட்டியே யோசித்திருந்தார்கள். கம்ப்யூட்டர் பந்தியை மொத்தமாகக் கலைத்தது. பிறகு மாப்பிள்ளை, பெண், சம்பந்தி என்று முக்கியமானவர்களை மட்டும் திரும்ப உட்கார வைத்தது. இன்ஜினை இயக்குவதும் கலத்தைத் திருப்புவதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன.

ஹூஸ்டனில், பின்னறையில் ஜாக் கார்மன். வயது 24. கொஞ்ச நாள் முன்பு ஓர் ஒத்திகையில், இதே மாதிரி எச்சரிக்கைக்குப் பயந்து தரையிறங்குவதையே ரத்துசெய்து அசடு வழிந்திருந்தார்கள். அதற்குப் பிறகு எல்லா எண்களையும் கையால் எழுதித் தயாராக வைத்திருந்தார் கார்மன். பார்த்தார். விடாமல் வந்துகொண்டே இருந்தால்தான் ஆபத்து, இது பரவாயில்லை என்றார். ஸ்டீவ் பேல்ஸ், வயது 26, 'கோ' கொடுத்தார். 1202, 1201 என்று மொத்தம் ஐந்து தடவை அலறியது. அலற அலற இறங்கிவிட்டார்கள்.

சரி, கடைப்பையன் காத்திருக்கிறான். வீட்டுக்குப் போய், பழைய கம்ப்யூட்டரில் உங்கள் பந்தியை மொத்தமாக உட்கார வையுங்கள். டிராயிங், பிரவுசர், வீடியோ மீட்டிங் எல்லாம் ஒரே நேரத்தில். டாஸ்க் மேனேஜரைத் திறந்து ராம் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். 14 ஜிபி என்று காட்டினால் 16 வாங்காதீர்கள், 32-க்குப் போங்கள். 64 ஆடம்பரமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

பையனிடம் இன்னொன்றும் கேளுங்கள். ராம் தனியாகக் கழற்றி மாட்டுகிறதா, போர்டோடு சேர்த்துப் பற்றவைத்ததா? பற்றவைத்தது என்றால் வால்தம் பெண்கள் நெய்த மாதிரிதான். வாங்கிய பிறகு கூட்ட முடியாது.