விறாந்தைச் சட்டத்தில் இருந்த நஞ்சு

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத் தலைநகர் பிறிஸ்பேன். வெப்பம் மிகுந்த அந்நகரின் பழைய வீடுகள் மரத்தாலானவை. தூண்களின்மேல் உயர்த்திக் கட்டப்பட்டவை. ஒவ்வொரு வீட்டிற்கும் அகன்ற விறாந்தையும், பிள்ளைகள் தவறி விழாதிருக்க மரச் சட்டங்களும் இருந்தன. அச்சட்டங்களுக்கு வெள்ளைப் பெயின்ற் பூசுவது வழக்கம். நாம் கூறவந்த வரலாறு அந்த வெள்ளை நிறத்திலிருந்தே தொடங்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நகரின் சிறுவர் வைத்தியசாலைக்கு ஒரே வகையான நோயுடன் பிள்ளைகள் வந்தவண்ணம் இருந்தனர். தாங்கமுடியாத வயிற்றுவலி, மலச்சிக்கல், தொங்கிப்போன மணிக்கட்டு, நிலத்தில் ஊன்றமுடியாத பாதம். சிலருக்குக் கண்பார்வையும் மங்கிற்று. 1892ஆம் ஆண்டில் வைத்தியர்கள் இதனை ஈய நஞ்சு என்று இனங்கண்டனர். ஆனால் ஈயம் எங்கிருந்து வந்தது என்பது புலப்படவில்லை. ஜெபரிஸ் ரேணர் என்ற வைத்தியரும் அவருடன் பணியாற்றியோரும் கண்ட ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டேயிருந்தது: வைத்தியசாலையில் தேறிய பிள்ளை, வீடு திரும்பியதும் மீண்டும் நோயில் விழுந்தது.

இங்கு ஒரு சொல்விளக்கம் தேவை. எமது அன்னையர் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பூசுவித்த ஈயம் வெள்ளீயம்; அது வேறு. நாம் பேசுவது காரீயம். வகுப்பறையில் பென்சிலைக் கடித்த மாணவரை ‘ஈயம் உள்ளே போகும்’ என்று நாமும் ஏசியிருக்கிறோம். பென்சிலின் கரிக்குச்சியில் ஈயமே இல்லை என்பதைப் பின்னரே அறிந்தோம்!

1904ஆம் ஆண்டில் லொக்ஹாட் கிப்சன் என்ற கண் வைத்தியர் விடையை எழுத்தில் வைத்தார். விறாந்தைச் சட்டத்தின் பெயின்றே காரணம் என்றார். அக்காலத்து வெள்ளைப் பெயின்றின் அடிப்பொருள் ஈயத்தின் கூட்டுப்பொருளாகும். கடும் வெயிலில் அது வெடித்துத் தூளாகிறது. சட்டத்தைப் பிடித்து விளையாடும் பிள்ளையின் வியர்த்த கையில் அத்தூள் ஒட்டுகிறது. விரல் சூப்பும் பிள்ளையும் நகம் கடிக்கும் பிள்ளையும் அதனை நாள்தோறும் உண்கின்றனர். இத்துணை எளிய உண்மையைச் சக வைத்தியர் பலர் ஏற்கவில்லை. சிறுவர் கைக்கு எட்டும் இடங்களில் ஈயப் பெயின்றைத் தடைசெய்யும் சட்டம் குயின்ஸ்லாந்தில் 1922இலேதான் வந்தது. பதினெட்டு ஆண்டுகள்! ஆயினும், பிள்ளைகளைக் காக்க எழுந்த இத்தகைய சட்டங்களுள் அது மிக முந்தியவற்றுள் ஒன்று.

பிற நாடுகள் அந்த அளவுக்கும் விரையவில்லை. கட்டடங்களின் உட்பகுதியில் வெள்ளை ஈயப் பெயின்றைத் தடுக்கும் உடன்படிக்கை 1921இல் ஜெனிவாவில் உருவாயிற்று. அமெரிக்கா அதனை ஏற்கவில்லை. அங்கே ஈயப் பெயின்ற் விற்ற கம்பனியொன்று சிறுவர்க்கான பட ஏடுகளை அச்சிட்டுத் தன் பொருளுக்கு விளம்பரம் தேடியது. வீடுகளுக்கான ஈயப் பெயின்ற் அந்நாட்டில் 1978இலேயே தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் பூசப்பட்டது சுவரிலேயே தங்கிவிட்டது.

அச்சுவர்கள் வறியவர்க்கும் புதிதாக வந்தவர்க்குமே வந்து சேர்கின்றன. 2000ஆம் ஆண்டில் எகிப்திலிருந்து அமெரிக்காவின் நியூ ஹம்ஷயர் மாநிலத்திலுள்ள மன்செஸ்ரர் நகருக்குச் சூடானிய அகதிக் குடும்பமொன்று வந்தது. குடியேறிய பழைய வீட்டில் ஈயப் பெயின்ற் உரிந்திருந்தது. இரண்டு வயதுப் பெண் குழந்தைக்குக் காய்ச்சலும் வாந்தியும் கண்டன. முதலில் சாதாரண தொற்றென்றே கருதப்பட்டது. வந்த சில வாரங்களிலேயே அக்குழந்தை இறந்தது. போரைத் தாண்டி வந்த பெற்றோருக்கு யன்னலோரத்தில் ஆபத்து இருக்குமென்று யார் சொன்னார்கள்?

ஈயம் உடலில் சுண்ணாம்புச் சத்தைப் போல வேடமிட்டு எலும்பினுள் புகுந்து ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. உட்கொண்ட ஈயத்தில் வளர்ந்தோர் உறிஞ்சுவதைவிடப் பன்மடங்கைக் குழந்தையின் உடல் உறிஞ்சுகிறது. இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளை இன்னும் கூடுதலாக. சிறிய அளவில் காய்ச்சலோ வலியோ தோன்றாது. கவனம் சிதறும், கற்றல் பின்தங்கும். ‘படிப்பில் நாட்டமில்லை’ என்று நாம் தண்டித்த பிள்ளைகளுள் எத்தனை பேர் இவ்வாறு இருந்தனரோ என்ற எண்ணம் எம்மை இன்றும் வருத்துகிறது. தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

பழைய வீட்டில் வாழ்வோர் உரிந்த பெயின்றை உலர்ந்த நிலையில் சுரண்டலாகாது, தூசி பரவும். யன்னற் கட்டையையும் தரையையும் ஈரத்துணியால் துடைப்பதும், உணவுக்கு முன் பிள்ளையின் கையைக் கழுவுவதும் நன்று.

மன்செஸ்ரர் நிகழ்வின் பின்னர், அகதிச் சிறுவர்க்கு வந்தவுடனும், மூன்று முதல் ஆறு மாதங்களின் பின் மீண்டும் ஒருமுறையும் இரத்தப் பரிசோதனை செய்யுமாறு அமெரிக்கச் சுகாதாரத் துறை பரிந்துரைத்தது. இரண்டாவது சோதனை புதிய வீட்டை நோக்கியது. வைத்தியரிடம் மொழி தெரியாது தயங்குவோர்க்கு ஒரு சொல் போதும்: ஆங்கிலத்தில் ‘லெட்’, பிரெஞ்சில் ‘புளோம்’, ஜேர்மன் மொழியில் ‘பிளை’.