வெள்ளிக்காசு எங்க கிடந்தது?

இந்த எபிசோட் ரோமானிய வெள்ளிக்காசுகளைப் பத்தி. ரோம் எங்கேயோ இருக்கு, நமக்கென்னன்னு விட்டுடாதீங்க. நம்ம சென்னை மாம்பலத்துலயே ஒரு ரோமக் காசு மண்ணுக்கடியிலேர்ந்து வந்திருக்கு. தனியா வரலை. இந்தியாவோட பழைய முத்திரைக் காசுகள் நூற்றுக்கணக்குல இருந்த புதையல்ல, நடுவுல ஒரே ஒரு ரோமக் காசு.

அந்தக் காசுக்குப் பேரு தினாரியஸ். கிட்டத்தட்ட நாலு கிராம் வெள்ளி. முத்திரைக் காசும் மூணு, மூணரை கிராம் வெள்ளிதான். ரெண்டையும் ஒண்ணா சேர்த்து ஒளிச்சு வெச்சவரு, காசுல யார் தலை இருக்குன்னு பெருசா கவலைப்பட்ட மாதிரி தெரியலை. வெள்ளி வெள்ளிதான். இதை நம்மால இன்னைக்கு யோசிக்க முடியறதுக்கு ஒரே காரணம், ரெண்டும் ஒரே இடத்துல கிடந்தது பதிவாகியிருக்கறதுதான். அந்த ஒரு காசை மட்டும் யாராவது தனியா எடுத்து வித்திருந்தா, அது ஒரு பழைய வெள்ளித்துண்டு. அவ்வளவுதான்.

திருவொற்றியூர்ல வளர்ந்தவனுக்கு கன்டெய்னர் லாரி இல்லாத ரோடு தெரியாது. அதனால எனக்குத் தோணுற உதாரணமும் அதுதான். காகிதம் எதுவும் இல்லாம ஒரு கன்டெய்னர் துறைமுகத்துல நிக்குதுன்னு வைங்க. உள்ளே இருக்கற சரக்கு அப்படியே இருக்கும். ஆனா எங்கேர்ந்து வந்தது, யாருக்குப் போகுது, ஏன் வந்ததுன்னு ஒண்ணும் சொல்ல முடியாது. காசு சேகரிக்கறவங்க புதுசா கிடைச்சதைக் காட்டும்போது எடை, பேரரசர் பேரு, தேய்மானம் எல்லாத்தையும் சொல்வாங்க. பெரும்பாலும் விட்டுப்போறது, அது எந்த மண்ணுல கிடந்ததுங்கற தகவல்.

அந்தத் தகவல் இருந்தா என்ன தெரியும்? கொங்கு நாட்டைப் பாருங்க. கோவை பக்கத்துல இருக்கற வெள்ளலூர்ல 1842, 1891, 1931னு மூணு தடவை ரோம வெள்ளிக்காசுப் புதையல் கிடைச்சிருக்கு. முதல் தடவை மட்டும் 500க்கும் மேல. கரூர்ல 1878ல கிட்டத்தட்ட 500. பொள்ளாச்சியிலயும் கிடைச்சிருக்கு. இந்த ஊர்களை மேப்புல குறிச்சா ஒரு பாதை தெரியும். கேரளக் கடற்கரையில முசிறி, அங்கேர்ந்து பாலக்காட்டுக் கணவாய், அப்புறம் நொய்யல் ஆத்துப் பக்கம், கடைசியா கரூர். வழியிலதான் கொடுமணல். அங்க ரத்தினக்கல் பட்டறைகளும் இரும்பு உருக்கின உலைகளும் அகழாய்வுல கிடைச்சிருக்கு. கல்லும் மிளகும் மேற்கே போச்சு, வெள்ளி கிழக்கே வந்தது. இந்தியா வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை இழுத்துக்குதுன்னு பிளினி ரோம்ல உக்காந்து புலம்பினாரு. நாலு செஸ்டர்ஸ் ஒரு தினாரியஸ். நீங்களே வகுத்துப் பாருங்க.

இன்னொரு விஷயமும் புதையல்களை மொத்தமா வெச்சுப் பார்த்தாதான் புலப்படும். ரோம்ல எத்தனையோ விதமான தினாரியஸ் அடிச்சாங்க. நம்ம ஊர்ப் புதையல்கள்ல ரெண்டே ரெண்டு வகைதான் அள்ளி அள்ளி வருது. ஒண்ணு அகஸ்டஸோடது: பின்பக்கம் அவரோட பேரன்கள் ரெண்டு பேர் கேடயம், ஈட்டியோட நிப்பாங்க. இன்னொண்ணு திபேரியஸோடது: பின்பக்கம் ஒரு பெண் உக்காந்திருப்பா. ராயபுரம் பக்கம் சர்ச்சுக்குப் போறவங்களுக்கு இந்தக் காசு தெரிஞ்சிருக்கும்: வரி கட்டலாமான்னு கேட்டப்போ இயேசு கையில குடுத்துக் காட்டின காசு இதுதான்னு ரொம்ப நாளா சொல்லிட்டு வர்றாங்க. ரெண்டுமே முக்கியமா இன்னைக்கு பிரான்ஸ்ல இருக்கற லியோன் நகரத்துல அடிச்சது. பழகின படம், நம்பின தரம். அதனால நம்ம வியாபாரிங்க இதையே கேட்டு வாங்கினாங்கங்கறது ஒரு விளக்கம். கி.பி. 64 வாக்குல நீரோ காசோட எடையையும் வெள்ளியையும் குறைச்சாரு. அதுக்கப்புறம் அடிச்ச தினாரியஸ் இங்க ரொம்பக் குறைவு.

வெள்ளியை விட்டு ஒரு நிமிஷம் தங்கத்துக்கு வருவோம். புதுக்கோட்டைப் பகுதியில 1898ல 501 ரோமத் தங்கக்காசுகள் கிடைச்சது. பத்துக்கு ஒன்பது காசுல பேரரசர் முகத்துக்குக் குறுக்கே உளியால வெட்டு. அதுல ஒண்ணு மட்டும் உங்க கைக்கு வந்தா என்ன சொல்வீங்க? டேமேஜ் பீஸ், விலை கம்மி. நானூத்துக்கும் மேல ஒரே மாதிரி வெட்டோட ஒரே இடத்துல இருந்தா, இது யாரோ திட்டம் போட்டுச் செஞ்ச வேலைன்னு புரியும். இனி இது காசா செல்லாது, தங்கம் மட்டும்தான்னு யாரோ முடிவு பண்ணியிருக்காங்கன்னு பல ஆய்வாளர்கள் எடுத்துக்கறாங்க.

சரி, ஏன் இந்தத் தகவல் காணாமப் போகுது? ஆசை ஒரு காரணம். சட்டத்தோட கணக்கு இன்னொரு காரணம். 1878ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள எது மண்ணுக்கடியில கிடைச்சாலும் கலெக்டருக்குத் தெரிவிக்கணும். உரிமையாளர் யாரும் இல்லைன்னு முடிவானா, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. ஆனா அரசாங்கமே எடுத்துக்கிட்டா, குடுக்கற பணம் உலோகத்தோட மதிப்பு, அதுக்கு மேல அஞ்சுல ஒரு பங்கு. நாலு கிராம் வெள்ளிக்கு இது பெரிய தொகை இல்லை. சேகரிப்பாளர் சந்தையில அதே திபேரியஸ் காசு பல மடங்கு போகும். கடைக்கால் தோண்டுற கூலித் தொழிலாளி எந்தப் பக்கம் போவாருன்னு நாம கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியதில்லை. மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில்னும் அதே சட்டம் சொல்லுது. பயம் சேர்ந்தா பேச்சு இன்னும் குறையும். விக்கறவரு இடத்தைச் சொல்ல மாட்டாரு, வாங்கறவரு கேக்க மாட்டாரு.

அதுக்காக சேகரிக்கறவங்க எல்லாரும் வில்லன் இல்லை. தினமலர் ஆசிரியரா இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி சொந்தமா காசு சேர்த்தவரு. கரூர், மதுரை பக்கம் கிடைச்ச பிற்கால ரோமச் செப்புக்காசுகளைப் பத்தி 1994ல புத்தகமே போட்டாரு. புத்தகத் தலைப்புலயே ஊர்ப் பேரு இருக்கு. தேய்ஞ்சுபோன சின்னச் செப்புக்காசுக்குச் சந்தையில பெரிய மதிப்பு கிடையாது. ஊர்ப் பேரோட பதிவானதால அது வரலாறு ஆச்சு.

இந்தப் பொழுதுபோக்குல இருக்கறவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். காசு வாங்கும்போது லைசென்ஸ் இருக்கற வியாபாரிகிட்ட வாங்குங்க, எந்த ஊருன்னு கேளுங்க, பதில் இல்லைன்னா விட்டுடுங்க. உங்க வீட்டுக் கடைக்கால்லயே கிடைச்சா தேய்க்காதீங்க, கழுவாதீங்க. பக்கத்துல பானை ஓடு கிடந்தா அதையும் சேர்த்து, கிடந்தது கிடந்தபடி போட்டோ எடுத்துட்டு தாசில்தார் ஆபீஸுக்குச் சொல்லுங்க. இன்னும் காசு பார்க்கணும்னு ஆசையா இருந்தா, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துல ரோமக் காசுத் தொகுப்பு இருக்கு. போனா ராஜா தலையை மட்டும் பார்த்துட்டு நகராதீங்க. கூடவே எந்த ஊர்ல கிடைச்சதுன்னு போட்டிருக்கான்னும் பாருங்க.