தசை தடித்த இருதயம்

ஓடியாடித் திரிந்த இளைஞன் திடீரென வீழ்ந்து மாண்டால், அதனை விதியென்று கூறி அமைவது முன்னையோர் வழக்கம். 1958ஆம் ஆண்டில் இலண்டன் நோயியல் அறிஞர் டொனால்ட் டீயர், அவ்வாறு மாண்ட இளையோர் சிலரின் இருதயங்களை ஆராய்ந்தார். இடைச்சுவர்த் தசை ஒழுங்கின்றித் தடித்திருக்கக் கண்டார். இந்நோய் குடும்பவழி வருவதென்பதும் விரைவில் தெளிவாயிற்று. 1990இல் அதற்குக் காரணமான பரம்பரையலகு ஒன்றும் கண்டறியப்பட்டது.

ஆயினும் ஆய்வுகூடத்து அறிவு வீடுவரை வந்து சேரவேண்டுமன்றோ? அமெரிக்காவில், தாமும் இந்நோயுடையவரான லிசா சால்பேர்க் என்னும் மாது, 1995இல் தம் தமக்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்தார். மறு ஆண்டே நோயாளர்க்கும் உறவினர்க்கும் விளக்கமும் ஆறுதலும் வழங்கும் சங்கமொன்றை நிறுவினார். ஒருவருக்கு இந்நோய் உண்டெனில், அவர்தம் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரையும் பரிசோதித்தல் இன்று மருத்துவ நெறியாகும். விதியென்று வாளாவிருத்தல் இனித் தகாது.